இரவல் சாவியும் இருண்ட திரையும்

செயற்கைக்கோள் வழியாக வரும் தொலைக்காட்சி ஒரு வீட்டுத் திரையில் படமாக விரிய வேண்டுமானால், மூன்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிசகின்றி நடந்தாக வேண்டும். வானிலிருந்து இறங்கும் அலையை டிஷ் முறையாக ஏந்த வேண்டும்; அந்த அலைக்குள் பூட்டி அனுப்பப்பட்டிருக்கும் படத்தைத் திறக்கும் உரிமை அந்த வீட்டுக்கு இருக்க வேண்டும்; திறப்பதற்கான சாவி உரிய நொடியில் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். திரை இருண்டுபோகும்போது இம்மூன்றில் எது தவறியது என்று பிரித்தறியாமல், கூரைமேல் ஏறி டிஷ்ஷைத் திருப்புவோரும், மறுபடி மறுபடி ரீசார்ஜ் செய்வோரும், ‘கார்டு ஷேரிங்’ என்ற பெயரில் விற்கப்படும் இரவல் சாவியை நாடுவோரும் உண்டு. முதல் இரண்டும் வீண் அலைச்சலோடு முடிந்துவிடும். மூன்றாவதோ, எவராலும் சரிசெய்ய இயலாத ஒரு பழுதை வீட்டுக்குள் குடிவைத்துவிடுகிறது.

கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலை முன்வைத்து இதைப் பேசத் தக்க காரணம் உண்டு. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலைப் பெரிதாக்கியபோது, பாறையைக் குடைய வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள், லைன் வீடுகள் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் தங்கி, மைசூர் அரசின் எல்லைக்குள் தமிழ் வழங்கும் ஓர் ஊரையே உருவாக்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, இந்தியாவின் பல பெருநகரங்களுக்கு முன்பே இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் தரப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. தொழில் போனது, மொழி போகவில்லை. மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரு சென்று வேலை பார்த்து இரவில் திரும்பும் குடும்பங்களுக்கு, தமிழ்ச் செய்தியும் தமிழ்த் தொடரும் தமிழ்ப் பாட்டும் வீட்டின் ஒரு பகுதியாகவே இருந்து வருகின்றன.

இந்தத் தமிழ் அலைவரிசைகள் கேபிள் வழியே வரும்போது, அவை வருவதும் நிற்பதும் நிலத்தின் அரசியலைப் பொறுத்ததாகிவிடுகிறது. காவிரிப் பிணக்கு சூடேறிய காலங்களில் கர்நாடகத்துக் கேபிள் வலைகளில் தமிழ் அலைவரிசைகள் நிறுத்தப்பட்டதுண்டு. 2016 செப்டம்பரில் பெங்களூரிலும் அவ்வாறு நேர்ந்தது. ஆனால், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள், கோலாரையும் வேலூரையும் ஒரே கற்றையால் நனைக்கிறது. வீட்டுக்கு நேரடியாக வரும் டி.டி.எச். சேவைக்கான உரிமமும் நாடு முழுமைக்குமானது. தங்கவயலில் குடியிருப்பவர் தமிழ்த் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கிப் பார்ப்பதைத் தடுக்கும் மாநில எல்லை வானத்தில் இல்லை. ஆகவே இவ்வூரில் கூரைமேல் நிற்கும் டிஷ், வெறும் பொழுதுபோக்குக் கருவியன்று. அது மொழியோடு ஒட்டியிருப்பதற்கான ஒரு வழி.

முதல் வேலையாகிய அலை ஏந்துவதைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். தங்கவயல் ஏறத்தாழ 12.95 டிகிரி வட அட்சத்திலும் 78.27 டிகிரி கிழக்குத் தீர்க்கத்திலும் அமைந்திருக்கிறது. அரசின் இலவச டி.டி.எச். சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இயங்கும் 93.5 டிகிரி கிழக்கு இடத்துக்கு இங்கிருந்து டிஷ்ஷைத் திருப்ப வேண்டுமானால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 129 அல்லது 130 டிகிரி, அதாவது ஏறக்குறையத் தென்கிழக்கு, நோக்க வேண்டும். அடிவானத்திலிருந்து சுமார் 67 டிகிரி அண்ணாந்திருக்க வேண்டும். 83 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள் தெற்குக்குச் சற்றே கிழக்கில் 74 டிகிரி உயரத்தில் தெரியும், 108.2 டிகிரியில் நிற்பதோ கிழக்கை ஒட்டி 52 டிகிரிக்குத் தாழ்ந்துவிடும். அறுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள டிஷ்ஷின் பார்வைக் கூம்பு மூன்று டிகிரிக்கும் குறைவான அகலம் கொண்டது என்பதால், பிடிமான போல்ட் தளர்ந்து காற்றில் ஒரு விரற்கடை அசைந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும்.

இந்த நுட்பம் எவ்வளவு தூரம் சாமானிய வீட்டைத் தொடுகிறது என்பதற்கு 2010-ஆம் ஆண்டு ஒரு சான்று. அவ்வாண்டு ஜூலை 7-ஆம் நாள் 93.5 டிகிரியில் நின்ற இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு அதன் அலைபரப்பிகளில் ஒரு பகுதி நின்றுபோகவே, அதை நம்பியிருந்த சன் டைரக்ட் சேவை 91.5 டிகிரியில் உள்ள மீசாட்-3-க்கு மாற வேண்டியதாயிற்று. வானில் இரண்டே டிகிரி. ஆனால் தங்கவயலிலிருந்து நோக்கும்போது டிஷ்ஷைத் தெற்குப் பக்கமாக நான்கு டிகிரியும், மேல்நோக்கி ஒன்றரை டிகிரிக்குச் சற்று அதிகமாகவும் திருப்பினால்தான் புதிய இடம் அகப்படும். வீட்டிலிருந்த பெட்டியிலோ கார்டிலோ ஒரு குறையும் இல்லாத நிலையில் படம் மட்டும் இல்லை என்றால், பார்வையாளருக்குக் காரணம் எளிதில் விளங்குமா?

இதே மண்ணில் இன்னொரு வகை வானச் செய்தியும் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1965-இல் தங்கவயல் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் அறிவியலாளர்கள் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். அந்தத் துகள்கள் அவ்வளவு பாறையையும் துளைத்துக்கொண்டு போகக்கூடியவை. தொலைக்காட்சியைச் சுமந்து வரும் கே.யு. பட்டை அலையோ, அதாவது ஏறத்தாழ 11 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வரும் அலையோ, ஒரு வேப்பமரத்தின் கிளை குறுக்கே வளர்ந்தாலே தளர்ந்துவிடும்; கனமழையின் துளிகள் அதை விழுங்கிவிடும்.

அலையில் குறையா என்று அறியப் பெட்டியின் திரையில் காட்டப்படும் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று ‘சிக்னல் வலு’, மற்றொன்று ‘சிக்னல் தரம்’. டிஷ்ஷின் குவியத்தில் பொருத்தப்பட்டிருக்கும் எல்.என்.பி. என்ற சிறு கருவி, வந்த அலையைப் பெருக்கி, கம்பி தாங்கக்கூடிய 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி அனுப்புகிறது. கம்பி வழியே அந்த ஆற்றல் எவ்வளவு வருகிறது என்பதையே வலு காட்டுகிறது. உரிய செயற்கைக்கோளின் செய்தி பிழையின்றி வருகிறதா என்பதைத் தரம் சொல்கிறது. வலு நன்றாக இருந்து தரம் சுழியாக இருந்தால், டிஷ் இடம் மாறிவிட்டது என்று பொருள். இரண்டுமே இல்லையென்றால் கம்பியோ இணைப்போ எல்.என்.பி.யோ கெட்டிருக்கிறது. சில அலைவரிசைகள் மட்டும் வந்து மற்றவை வராமற்போனால், செங்குத்து, கிடை என்ற இரு அலைவாட்டங்களுக்கு இடையே மாறுவதற்காகப் பெட்டி எல்.என்.பி.க்கு அனுப்பும் 13, 18 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒன்று ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என ஐயுறலாம். கூரைமேல் உள்ள திருகு இணைப்பில் மழைநீர் புகுந்து நடுக்கம்பி பச்சை பூத்திருப்பதே இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். கம்பியின் நுனியை நறுக்கிப் புது இணைப்பு மாட்டி, இறுக நாடா சுற்றிவிட்டால் சில ரூபாயில் வேலை முடிந்துவிடும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்களுக்கு முற்பகல் பதினொரு மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் 93.5 டிகிரிச் சேவைகள் தடுமாறினால், அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து தன் இரைச்சலால் அதை மூழ்கடிக்கிறது என்று அறிந்து, கருவியைத் தொடாமல் காத்திருப்பதே சரி.

இனிப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டண அலைவரிசையின் படமும் ஒலியும் குலைக்கப்பட்டே வானுக்கு அனுப்பப்படுகின்றன. 1994-இல் ஐரோப்பாவில் வகுக்கப்பட்டு உலகில் பரவலாகக் கையாளப்பட்ட பொதுக் குலைப்பு முறையில், அந்தக் குலைப்பைத் திறக்கும் 64 பிட் நீளச் சாவி ‘கன்ட்ரோல் வேர்டு’ எனப்படுகிறது. தமிழில் அதைச் சாவிச்சொல் எனலாம். ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒருமுறை சாவிச்சொல் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து வரவிருக்கும் சாவிச்சொல்லும் ஒரு முத்திரையிட்ட உறைக்குள் வைக்கப்பட்டு, படத்தோடு சேர்ந்தே வானிலிருந்து வருகிறது, ஈ.சி.எம். என்று தொழில்நுட்பர்கள் சொல்வது இந்த உறையைத்தான். உறையைப் பிரிக்கும் வல்லமை பெட்டிக்கு இல்லை, அதற்குள் செருகப்பட்டிருக்கும் கார்டின் சில்லுக்கே உண்டு. அந்த வீடு எந்தெந்த அலைவரிசைக்குப் பணம் கட்டியிருக்கிறது என்ற உரிமப் பதிவை ஈ.எம்.எம். என்ற வேறொரு செய்தி அவ்வப்போது வந்து கார்டில் எழுதிவிட்டுப் போகிறது. பணம் கட்டியும் படம் வராத வீடுகளில் பெரும்பாலும் நேர்வது, இந்தச் செய்தி வந்த வேளையில் பெட்டி அணைக்கப்பட்டிருந்ததே. பெட்டியை இயக்கிய நிலையில் வைத்து நிறுவனத்திடம் மீண்டும் உரிமச் செய்தி அனுப்பக் கேட்டால், அதாவது ‘ரீஃப்ரெஷ்’ செய்யச் சொன்னால், சற்று நேரத்தில் திரை உயிர்பெறும். பூட்டில்லாத இலவச அலைவரிசை தெளிவாக வந்து கட்டண அலைவரிசை மட்டும் வராவிட்டால், டிஷ்ஷைத் தொடவே வேண்டாம் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரவல் சாவி முளைப்பது இந்தப் பத்து நொடி இடைவெளியில்தான். பணம் கட்டிய ஒரே ஒரு கார்டை ஓரிடத்தில் கணினியோடு இணைத்து வைத்து, இணையத்தின் வழியே தொலைவில் உள்ள பல ரிசீவர்கள் தங்களுக்கு வந்த உறையை அதற்கு அனுப்ப, கார்டு பிரித்துச் சொன்ன சாவிச்சொல்லை அது அவற்றுக்குத் திருப்பி அனுப்புவதே கார்டு பகிர்வு. படம் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் டிஷ் வழியாகவே வருகிறது. இணையத்தில் போய் வருவது சில பைட்டுகளே ஆகும். ஐரோப்பாவில் ட்ரீம்பாக்ஸ் போன்ற லினக்ஸ் ரிசீவர்கள் பரவிய காலத்தில் இது வீட்டுக்குள் ஒரே கார்டை இரண்டு அறைகளில் பயன்படுத்தும் முயற்சியாகவும் இருந்தது. விரைவில், ஒரு கார்டின் உரிமையை நூற்றுக்கணக்கானோருக்கு விற்கும் கள்ள வணிகமாக வளர்ந்தது.

இந்த ஏற்பாடு கெடும் வகைகளை ஆராய்ந்தால், அதன் இயல்பே கெடுவதுதான் என்பது விளங்கும். சாவிச்சொல் காலாவதியாகுமுன் பதில் வர வேண்டும். இணையம் ஒரு கணம் சுணங்கினாலும் படம் உறைந்து, அடுத்த சாவி வந்ததும் தொடர்கிறது. பத்து நொடிக்கு ஒருமுறை என்ற சீரான இடைவெளியில் படம் உறைந்தால், குற்றம் டிஷ்ஷில் இல்லை, சாவி வரும் வழியில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். காற்றும் மழையும் கடிகாரம் பார்த்து வருவதில்லை. ஒரு வீட்டின் ஒரு பெட்டிக்கு விடை சொல்வதற்கென்று செய்யப்பட்ட சில்லு, ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளுக்கான உறைகள் குவியும்போது அவற்றை ஒவ்வொன்றாகவே பிரிக்க முடியும் என்பதால், பெரிய கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் மாலையிலேயே வரிசை நீண்டு எல்லாத் திரையும் ஒருங்கே நிற்கும். கார்டின் உரிமம் முடிந்தால், நிறுவனம் அதைக் கண்டுபிடித்து முடக்கினால், நடத்துபவர் கணினியை அணைத்துவிட்டு மறைந்தால், தொலைவில் உள்ள வீட்டுக்காரர் தம் பெட்டியில் என்ன மாற்றினாலும் பயனில்லை. பழுது அவர் வீட்டில் இல்லை, அவர் கைக்கு எட்டும் இடத்திலும் இல்லை. முன்பணமாகக் கொடுத்ததைக் கேட்க அவரிடம் ரசீதில்லை, முறையிட அலுவலகமும் இல்லை. அதற்கு மேல், யார் எழுதியதென்றே தெரியாத மென்பொருளை ஏற்றிய அந்த ரிசீவர், கைப்பேசியும் வங்கிச் செயலியும் இணைந்திருக்கும் அதே வீட்டு இணையத்துக்குள் இரவும் பகலும் விழித்திருக்கிறது. இதைவிடக் கவலைக்குரியது வேறில்லை.

பூட்டுச் செய்தவர்களும் சும்மா இருந்ததில்லை. அமெரிக்காவில் டைரக்டிவி நிறுவனம், திருத்தி எழுதப்பட்ட கள்ளக் கார்டுகளுக்குள் வானின் வழியாகவே சிறு சிறு துண்டுகளாக ஆணைகளைப் பல நாட்கள் அனுப்பிவைத்து, 2001 ஜனவரி 21-ஆம் நாள், அந்நாட்டின் மிகப் பெரிய கால்பந்து இறுதியாட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, அவற்றை ஒரே வீச்சில் செயலிழக்கச் செய்தது. ‘கறுப்பு ஞாயிறு’ என்று அந்நாள் இன்றும் குறிக்கப்படுகிறது. கார்டையே திருத்துவது கடினமானபின்தான், திருத்தாத கார்டைப் பலருக்குப் பங்கிடும் வழி பெருகியது. அதற்கு மாற்றாகக் கார்டும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பிணைக்கப்பட்டன. பிணைத்தபின் கார்டு வெளியிடும் சாவிச்சொல்லே அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் புரியும்படி மறைக்கப்பட்டு வரும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் வகுத்த இணைப்பு விதிகள், கார்டையும் பெட்டியையும் தலைமை நிலையத்திலிருந்தே பிணைத்தாக வேண்டும் என்கின்றன. திரையில் திடீரென்று தோன்றி மறையும் எண்வரிசையும் அவ்விதிகள் கேட்கும் ‘கைரேகை’யே, எந்தப் பெட்டியிலிருந்து படம் களவு போகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 37-ஆம் பிரிவில் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒளிபரப்பின் மீது 25 ஆண்டு உரிமை தருகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையைக் காக்க வைத்த தொழில்நுட்பப் பூட்டை உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கடை நடத்திய கேரன் மர்ஃபி, கிரேக்க நாட்டு நிறுவனத்தின் கார்டை வாங்கிக் கால்பந்து காட்டிய வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2011 அக்டோபர் 4-ஆம் நாள் அயல்நாட்டுக் கார்டுக்குத் தடை விதிப்பது சேவைச் சுதந்திரத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை இரவல் சாவிக்கு ஆதரவாகச் சொல்வது பிழை; அவர் வைத்திருந்தது பணம் கட்டிப் பெற்ற முறையான கார்டு. எல்லை தாண்டிக் காசு கொடுத்துப் பார்க்கும் உரிமை வேறு, ஒருவர் கட்டிய காசில் நூறுபேர் பார்ப்பது வேறு.

ஆனாலும் பூட்டையும் தண்டனையையும் மட்டும் பேசுவது நேர்மையாகாது. இரவல் சாவிக்குக் கிராக்கி இருப்பது, முறையான சாவி சிலருக்கு எட்டாமல் இருப்பதால்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராயின் கட்டண முறை, நூறு அலைவரிசைகளுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய் என்று அடிப்படைக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் வழியையும் திறந்தது. 2024-இல் அந்த உச்சவரம்பு விலக்கப்பட்டது. மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. பொதிகை என்று நெடுநாள் அறியப்பட்டு 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய அலைவரிசை அதில் கிடைக்கிறது. எனினும் ஏலத்தில் இடம்பிடிக்கும் தனியார் அலைவரிசைகளில் பெரும்பாலானவை இந்தியே. சுரங்கம் மூடியபின் கூலி வேலைக்குப் பெங்களூரு போய்வரும் ஒரு குடும்பத்துக்குச் செலவின்றித் தமிழ் தரும் வாய்ப்பு அரசின் கையிலேயே இருக்கையில், அது இவ்வளவு ஒடுங்கிக் கிடப்பது நியாயமன்று. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழரையும் எண்ணி, டிடி ஃப்ரீ டிஷ்ஷை நடத்தும் பிரசார் பாரதி அதில் தமிழுக்குக் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் சேவைக்கும் பயன்பட வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வந்தால், சேவை மாற்றும்போதெல்லாம் புதுப்பெட்டிக்குச் செலவழிக்கும் சுமையாவது குறையும்.

அதுவரை, மழையும் காற்றும் இல்லாத ஒரு நாளில் பெட்டியின் திரையில் தெரியும் வலு, தரம் ஆகிய இரண்டு எண்களையும், கார்டின் எண்ணையும், பெட்டியின் எண்ணையும் ஒரு தாளில் குறித்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். திரை இருளும் அன்று முதலில் அந்தத் தாளைப் பாருங்கள்.